காத்திருத்தல் விதிகளுக்குப் புறம்பானது

தூதன் மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகள்தான் உலகத்திலேயே வேகமானவை என்று அதன் முகப்புப் பக்கத்தில் போட்டிருக்கும். பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ஒரு முத்திரை: 'அனைத்தும் தேர்ச்சி'. அந்த வேகத்துக்குக் காரணம் என்ன என்று நான் கண்டுபிடித்தது என் போதாத காலம்.

தூதனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை, அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் மன்றம் என்ற ஒன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறது.

நான் பராமரிப்பு இல்லங்களுக்கு அழைப்பு மணி அமைத்துத் தருகிறவன். நோயாளி கட்டிலில் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும். நடுவில் செய்தியைச் சுமந்து போவது தூதன். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தூதன் சொன்னதும் கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். நர்ஸ் வந்து அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். அப்படி நான் மணி போட்டுக் கொடுத்த ஓர் இல்லத்தில்தான் என் அக்கா இருக்கிறாள்.

அக்காவுக்கு உடம்பில் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வரும் நோய். வாய் மட்டும் இன்னும் பழைய வேகத்தில் இருக்கிறது. படுத்திருக்கும்போது மூச்சுக்கருவியின் முகமூடி முகத்தில் இருந்தாக வேண்டும். அது நழுவினால் கொஞ்ச நேரத்தில் கூப்பிடக்கூட மூச்சு இருக்காது, எடுத்து மாட்டிக்கொள்ளக் கை எழாது. வலது கட்டைவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த விரலுக்கடியில் நான் வைத்துக் கொடுத்த பொத்தான்.

ஒரு நாள் பிற்பகல் நான் போனபோது முகமெல்லாம் வெளிறிக் கிடந்தாள்.

"டேய், உன் மணி அடிக்கலடா."

"பச்சை எரிஞ்சுதாக்கா?"

"நல்லா எரிஞ்சுது. மூடி நழுவிப் போச்சு, அழுத்தினேன், எரிஞ்சுது. அதைப் பாத்துக்கிட்டே செத்துடுவேன்னு நெனச்சேன். தரை துடைக்க வந்த பொண்ணு பாத்து மாட்டி விட்டா."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இருதயத்தில் கோளாறு. எதையும் நிரூபிக்காமல் விடமாட்டார். "நானும் அதே நேரத்துலதான் அழுத்தினேன் தம்பி" என்றார். "எனக்கு நர்ஸ் வந்துட்டாங்க. திரை போட்டிருந்ததால உங்க அக்காவை அவங்க பாக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து அழுத்தினா ஒண்ணுதான் போகுது போல. எதுக்கும் சரிபாருங்க."

சரிபார்த்தேன். டீச்சர் சொன்னது அப்படியே உண்மை. ஒரு செய்தி கிளம்பி, நர்ஸ் வந்து விளக்கை அணைப்பதற்குள் அதே அறையிலிருந்து இன்னொன்று கிளம்பினால் தூதன் இரண்டாவதைத் தொலைத்துவிட்டு, இரண்டுமே போய்ச் சேர்ந்ததாகச் சொன்னது. ஒரே ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும். தேநீர் ஆறுவதற்குள் முடிக்கிற வேலை என்று நினைத்தேன். அப்பாவியாக இருந்திருக்கிறேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இரண்டு செய்திகள் சேர்ந்து போவதைப் பார்ப்பதற்கென்றே தூதனில் ஒரு சோதனை இருந்தது. ஒன்பது வருடமாகத் தினமும் ஓடுகிறது. ஒரு தடவை கூடத் தோற்றதில்லை. அதைத் திறந்து படித்தேன்.

தூதனில் செய்தியை அனுப்பினால் பதில் உடனே வராது. கொஞ்சம் பொறுத்து, தன் போக்கில் வரும். ஆகவே அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, வந்ததைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனை அனுப்பியது. 'பதில் வந்தால் சரிபார்க்கவும்' என்று ஒரு குறிப்பை எழுதியது. குறிப்பைப் பெட்டிக்குள் பெட்டியாக, அதற்குள் இன்னொரு பெட்டியாக வைத்து மூடியது. பிறகு, பதில் வருவதற்கு முன்பே, 'தேர்ச்சி' என்று கூவிவிட்டு நடையைக் கட்டியது. விடைத்தாளை வாங்காமலே எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வாத்தியாரை வேகத்தில் யார் மிஞ்ச முடியும்? மற்ற சோதனைகளையும் புரட்டினேன். எல்லாம் ஒரே குடும்பம்.

பெட்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டேன். பக்கம் பக்கமாக இருந்த சோதனை மூன்று வரிக்கு வந்தது. அனுப்பு. காத்திரு. பார். ஓட்டினேன். சிவப்பு விழுந்தது. அக்காவின் மூச்சு முட்டியதை ஒரு கம்ப்யூட்டர் முதல் தடவையாக ஒப்புக்கொண்டது.

சோதனையில் செய்த அந்தத் திருத்தத்தை மன்றத்துக்கு அனுப்பிய மறுநொடி காவலன் வந்தான். காவலன் மனிதனில்லை, மன்றம் வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் தானியங்கி. 'வருக வருக! உங்கள் முதல் பங்களிப்பால் மன்றம் மனம் குளிர்ந்தது' என்றான். அதே மூச்சில், தலைப்பு முற்றுப்புள்ளியில் முடிவதால் நிராகரிக்கப்படுகிறது என்றான். புள்ளியை எடுத்தேன். தலைப்பு முடிந்ததா என்று தெளிவாக இல்லை என்றான். ஒரு சொல் சேர்த்தேன். நீளம் கூடிவிட்டது என்றான். நடத்தை உறுதிமொழியை ஏற்கச் சொன்னான். ஏற்றேன். படிக்காமல் ஏற்றது போலத் தெரிகிறது, சற்றுக் காத்திருந்து மறுபடி ஏற்கவும் என்றான். தூதன் திட்டத்தில் யாரையாவது காத்திருக்கச் சொன்ன ஒரே இடம் அதுதான்.

கடைசியில் வீடியோ கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. தலைமைப் பராமரிப்பாளரை எல்லோரும் 'நிதானம்' என்றே அழைப்பார்கள். அவரே வைத்துக்கொண்ட பெயர். பின்னால் புத்தக அலமாரி, முன்னால் தூதன் படம் போட்ட கோப்பை. பேச ஆரம்பிக்குமுன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடித் திறப்பார்.

"பாருங்க, எங்க சோதனைங்க ஒன்பது வருஷமா ஒரு தடவகூடத் தோத்ததில்ல" என்றார். "நீங்க வந்து கை வச்சீங்க, அன்னிக்கே தோத்துடுச்சு. அப்போ கோளாறு யாருகிட்ட?"

"செய்தி போய்ச் சேரலீங்க. அதனாலதான் தோக்குது."

"செய்தி போய்ச் சேருதா இல்லையாங்கறது வெளியுலகத்துப் பிரச்சினை. அதுல நாங்க மூக்கை நுழைக்க முடியாது. நாங்க அனுப்புறோம். அனுப்பினா சேரும்னு நம்புறோம். நம்பிக்கை இல்லாதவங்கதான் உக்காந்து காத்திருந்து பாப்பாங்க."

"சோதனைன்னா பாக்கறதுதானுங்களே?"

"சோதனைன்னா பச்சையா இருக்கறது" என்றார் நிதானமாக. கூட்டத்தில் இருந்தவர்கள் திரையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். எனக்கு வேறொரு கட்டைவிரல் நினைவுக்கு வந்தது.

பிறகு விதிகளை விளக்கினார். சோதனையில் சிவப்பு விழுந்தால்தான் பிழை இருப்பதாகக் கொள்ளப்படும். பிழை இருப்பதாகக் கொள்ளப்பட்டால்தான் பிழைநீக்கம் ஏற்கப்படும். சிவப்பு விழுகிற சோதனை எக்காரணம் கொண்டும் ஏற்கப்படாது. சோதனையையும் பிழைநீக்கத்தையும் சேர்த்தே அனுப்பினால் பச்சையாகிவிடுமே என்று கேட்டேன். ஒரு திருத்தத்துக்கு ஒரு நோக்கம்தான் இருக்கலாம், இரண்டு நோக்கத்தோடு வருகிறவர்களை மன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும் என்றார்.

"வேணும்னா ஒண்ணு செய்யுங்க" என்று குரலைத் தணித்தார். "உங்க மூணு வரியில அந்த நடு வரியை மட்டும் எடுத்துடுங்க. உடனே சேத்துக்கறோம்."

நடு வரி என்பது 'காத்திரு'.

முடியாது என்றேன். அப்படியானால் பிழை நிகழ்வதை வேறு வழியில் காட்ட வேண்டும், அதுவும் குறைந்தபட்ச வடிவத்தில், தேவையில்லாத எதுவும் அதில் இருக்கக் கூடாது என்றார்கள். நடந்ததை எழுதி, அதிலிருந்து நர்ஸ் மேசையை எடுத்தேன். விளக்கை எடுத்தேன். கட்டிலை எடுத்தேன். நிதானம் அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"இங்க 'அக்கா'ன்னு ஒண்ணு இருக்கே, அது அவசியமா?"

"அவங்கதாங்க பொத்தானை அழுத்தறது."

"அவங்க இல்லாமலும் பிழை வருதான்னு பாத்தீங்களா?"

"இல்லீங்க. பாக்கல."

"பாத்துட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்ததில் முகமூடி நழுவியது. நான் மாட்டிவிட்டேன். "உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்காவது ஜலதோஷமாவது வந்திருக்காடா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

இல்லத்து நிர்வாகியிடம் போய் நின்றேன். தூதனை நானே திருத்தி இங்கே மட்டும் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் தன் கம்ப்யூட்டரில் தூதனின் முகப்புப் பக்கத்தைத் திறந்து முத்திரையை எனக்குக் காட்டினார். "பச்சையா இருக்கு பாருங்க. பச்சையா இருக்கறதை எடுத்துட்டு, நீங்க வீட்டுல செஞ்சதைப் போட்டா எங்க தரச்சான்று போயிடும்." பழைய கம்பி மணியையாவது மாட்டுங்கள் என்றேன். அதைக் கழற்றியதற்குத்தான் சான்றே கொடுத்தார்கள் என்றார். வேறு இரண்டு இல்லங்களில் விசாரித்தேன். ஒன்றில் இடமில்லை. இன்னொன்றில் இடம் இருந்தது, மணியும் இருந்தது, உள்ளே தூதன்தான்.

பார்வை நேரம் முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்ற நேரத்துக்கு என்ன செய்வது? வழி கண்டுபிடித்தது டீச்சர்தான். "ரெண்டு சேர்ந்து போனாத்தானே தொலையுது? சேர்ந்து போகாம பாத்துக்கிட்டா போச்சு." அன்றிலிருந்து அந்த அறையில் நான்கு கட்டில்களுக்கும் ஓர் ஒப்பந்தம். திரையை யாரும் இழுத்து மூடக் கூடாது. யார் தலைமாட்டிலாவது பச்சை எரிந்தால், நர்ஸ் வந்து அணைக்கும்வரை மற்றவர்கள் பொத்தானைத் தொடக் கூடாது. முதுகு வலித்தாலும் சரி, மூச்சு வாங்கினாலும் சரி, முறை வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுத்தார்கள். ஒரு மன்றம் முழுக்கச் சேர்ந்து செய்யாத வேலையை, எழுந்து உட்கார முடியாத நான்கு பேர் செய்தார்கள். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. 'இந்த அறைக்காரங்கதான் ஒழுங்கு' என்று நர்ஸ்கள் மெச்சிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் மன்றத்தின் நடத்தைக் குழுவிலிருந்து ஓலை வந்தது. என் திருத்தத்தில் 'இந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அது புண்படுத்துகிறதாம். குழுவின் செயலாளர் அம்மா மிகவும் அன்பாகப் பேசினார்.

"ஒரு சோதனையைப் பாத்து நீ சோதிக்கலன்னு சொன்னா, அதை எழுதினவங்க மனசு என்ன பாடுபடும்? இங்க நாங்க யாரையும் அப்படிக் கேக்கறதில்ல. யாரும் யாருடைய வேலையையும் சரியா இருக்கான்னு பாக்காததனாலதான் இவ்வளவு வருஷமா ஒரே குடும்பமா இருக்கோம்."

எழுதியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டு, அவர் ஏற்றுக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார். எழுதியவர் எப்போதோ கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தேடிப் பிடித்தேன். சோதனையின் பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயையோ, அது இன்னமுமா இருக்கு? சாப்பிடப் போற அவசரத்துல தற்காலிகமா எழுதி வச்சதுங்க. வந்து ஒழுங்கா எழுதலாம்னு போனேன். அப்படியே விட்டுப் போச்சு. தூக்கி எறிங்க அதை."

இதை அப்படியே மன்றத்தில் சொன்னேன். இனிமேலாவது விடிவு வரும் என்று நம்பினேன். நிதானம் கண்ணை மூடினார், வெகு நேரம் திறக்கவில்லை. திறந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆரம்ப கால உறுப்பினர் ஒருவர், பசியோடு, தன் கையால் எழுதியது அது என்பது இதுவரை தெரியாமல் போய்விட்டதே என்றார். அந்தச் சோதனையை இனி யாரும் தொடக் கூடாது, தூதனின் பாரம்பரியச் சொத்தாகப் பாதுகாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். எதிர்ப்பு இருந்தால் தெரிவிக்கும்படி உறுப்பினர்களுக்குக் காவலன் செய்தி அனுப்பினான். அனுப்பிய மறுநொடியே 'எதிர்ப்பு எதுவும் வரவில்லை, ஒருமனதாக நிறைவேறியது' என்று அறிவித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கை அணைத்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சுவரிடம் சொன்னேன்.

மறுநாள் பிற்பகல் பார்வை நேரத்துக்கு நான் போனபோது பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சரை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். விரிப்பு மாற்றுகிறவள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் வழியா வெயில் அடிச்சுதுடா" என்றாள். "கண்ணு கூசிச்சு. சாத்தச் சொல்லலாம்னு அழுத்தினேன். பச்சை எரிஞ்சுது. நர்ஸுக்கு வேற அறையில வேலை, வர நேரமாச்சு. டீச்சர் ரெண்டு தடவ இருமினாங்க. சும்மா இருமறாங்கன்னு நெனச்சேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க என் விளக்கையே பாத்துக்கிட்டு இருந்தாங்கடா. கை பொத்தான் மேலதான் இருந்துச்சு. அழுத்தல. என் முறை முடியட்டும்னு இருந்தாங்க. அப்புறம் நர்ஸ் வந்தா. மொதல்ல ஜன்னலைச் சாத்தினா."

அவளால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. நான்தான் துடைத்தேன். என்னுடையதைத் துடைக்க மறந்துவிட்டேன்.

மன்றத்துக்கு எழுதினேன். என்ன எழுதினேன் என்று சரியாக ஞாபகமில்லை, புண்படுத்தும்படிதான் எழுதியிருப்பேன். மன்றம் உடனே கூடியது. நிதானம் கறுப்புச் சட்டையில் வந்தார். தூதன் குடும்பமே துயரத்தில் ஆழ்ந்திருப்பதாகச் சொன்னார். உறுப்பினர்கள் உலகத்தின் பல மூலைகளில் பல நேரங்களில் இருப்பதால், ஒரு நிமிட மௌனத்தை அவரவருக்கு வசதிப்பட்டபோது அனுசரிக்கலாம், யார் அனுசரித்தார்கள் என்று யாரும் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை என்று தீர்மானித்தார்கள். காவலன் அந்த அறிவிப்பை அனுப்பினான். வாசித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது: 'மௌனம் அனுசரிக்கப்பட்டது. தேர்ச்சி.' பச்சை.

"இப்போ தொழில்நுட்பமா ஒண்ணு பாக்கணும்" என்றார் நிதானம். "நீங்க எழுதினதுலயே இருக்கு. அந்த அம்மா பொத்தானையே அழுத்தல."

"ஆமாங்க. அழுத்தினா தொலைஞ்சு போகும்னுதான் அழுத்தல."

"அழுத்தாத செய்தியைத் தூதன் எப்படிங்க கொண்டு போகும்? நல்லா யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு அந்த அறையிலேர்ந்து ஒரே ஒரு செய்திதான் கிளம்பியிருக்கு, ஜன்னலைச் சாத்தச் சொல்லி. அது பத்திரமா போய்ச் சேந்திருக்கு. ஜன்னலையும் சாத்தியிருக்காங்க. அன்னிக்குத் தூதன் எந்தத் தப்பும் பண்ணல. அதைப் பதிவு பண்ணிக்கறோம்."

பதிவு செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் அந்த அறையிலிருந்து செய்திகள் மோதிக்கொண்ட புகாரும் எதுவும் வரவில்லை. வராததை வைத்துக் கோளாறு தானாகவே தீர்ந்துவிட்டதாகக் காவலன் முடிவு கட்டி, என் திருத்தத்தை மூடி, எனக்கு நன்றி தெரிவித்தான். நிர்வாகியும் என்னைக் கூப்பிட்டு, அழைப்பு மணி முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது, அந்த அறையில் தொந்தரவே இல்லை என்றார்.

தொந்தரவு இல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அக்கா பொத்தானை அழுத்துவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அழுத்துவதில்லை, திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் அழுத்துவதில்லை. ஒரு நாள் முகமூடி நழுவி உதடு நீலமாகும்வரை கிடந்திருக்கிறாள். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். கட்டைவிரல் மட்டும் அப்போதும் பொத்தானைவிட்டு விலகியே இருந்ததாம்.

அன்று நான் அவளிடம் சண்டையே போட்டேன். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை.

"உயிர் போற நேரத்துலகூட அழுத்த மாட்டியாக்கா? உனக்கு என்ன பைத்தியமா?"

அவள் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள்.

"எனக்காக ஒரே ஒரு தடவ அழுத்திக் காட்டு. நான் இங்கதானே இருக்கேன். நர்ஸ் வர்றாளான்னு ரெண்டு பேரும் பாப்போம்."

பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தொண்டையில் அறுவை சிகிச்சை, கழுத்தைச் சுற்றிக் கட்டு. மூன்றாவது கட்டில்காரர் அவளுக்கு அறையின் ஒப்பந்தத்தை ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் நல்ல பெண், தலையாட்டிக் கேட்டுக்கொண்டாளாம். அக்காவின் கண்கள் என்னைத் தாண்டி அந்தக் கட்டிலுக்குப் போயின. முகமூடியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். தூக்கினேன்.

"அந்தப் பொண்ணால இருமக்கூட முடியாதுடா" என்றாள். "அவ காத்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"